ஆறில் நின்ற குட்டையன்

கரும்பு வெட்டக் கப்பலேறிப் போன நம் ஜனங்களின் பேரன் பேத்திகள் இன்றைக்கும் வாழ்கிற டர்பன் பட்டணத்தில், அமிர்தம் நாயுடு என்றொரு அம்மாள் துப்பாக்கிக் கடை வைத்திருந்தாள். அவள் கடைக் கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டு ஸ்கோப்புகள் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருந்தன. ஸ்கோப் என்றால் வேறொன்றுமில்லை, குறி பார்ப்பதற்காகத் துப்பாக்கியின் முதுகில் மாட்டுகிற குழல்.

ஒருவன் நெட்டையன். முழங்கை நீளம். தூரத்துப் பொருளை இருபத்துநாலு மடங்கு பெரிதாக்கிக் காட்டுவான். இன்னொருவன் குட்டையன். என்ன முக்கினாலும் ஆறு மடங்குதான். அவன் உடம்பில் ஒரு வளையம். அதைத் திருப்பிக் கீழே இறக்கினால் ஒன்று. ஒன்று என்றால் பெரிதாக்காமல் அப்படியே காட்டுவது.

இந்த ஒன்றைச் சொல்லி நெட்டையன் அவனைக் கேலி செய்யாத நாளில்லை.

"நிலாவுல இருக்கிற குழியை நான் எண்ணுவேன். நீ என்னடா பண்ணுவே?"

"எதிர்ல இருக்கிறதைக் காட்டுவேன்."

"அதுக்குத்தான் ஆண்டவன் கண்ணு குடுத்திருக்கானே! நீ எதுக்கு?"

பெட்டி அதிரச் சிரிப்பான். குட்டையனுக்கு மானமே போய்விடும். என்றைக்காவது யாராவது தன்னை எடுத்தால் ஆறுக்குக் கீழே இறங்கவே கூடாது என்று சபதம் போட்டுக்கொண்டான். அசட்டுச் சபதம்தான். ரோஷத்தில் போடுகிற சபதத்தில் முக்கால்வாசி அப்படித்தான் இருக்கும்.

ஒரு நாள் வீராசாமி வந்தார். ஐம்பது தாண்டிய வேட்டைக்காரர். கையில் இடியன். யானை, காட்டெருமை மாதிரிப் பெரிய மிருகங்களுக்கென்றே செய்த ரைஃபிள். அவன் வெடித்தால் முன்னால் நிற்பது விழும், பின்னால் நிற்கிறவர் தோள் வீங்கும்.

"வடக்கே காட்டோரத்துல ஒரு எருமை, அக்கா. எவனோ வச்ச கம்பிக் கண்ணியில கால் மாட்டிப் புண்ணாகி, வெறி புடிச்சுத் திரியுது. தண்ணிக்குப் போன ரெண்டு பொம்பளைங்களைக் குத்திக் கொன்னுடுச்சு. என்னை வரச் சொல்லியிருக்காங்க. பழைய ஸ்கோப்பு உடைஞ்சு போச்சு. இருக்கிறதுலயே பெருசாக் குடுங்க."

"பெருசு எதுக்குத் தம்பி? புதருக்குள்ள பத்தடியில நிக்கப் போறதுக்கு..."

அமிர்தம் சொல்லி முடிக்கவில்லை, அவர் கை நெட்டையன் மேல் போய்விட்டது.

கடைக்குப் பின்னால் சுட்டுப் பார்க்க ஓர் இடம் உண்டு. நெட்டையனை மாட்டியதுமே இடியன் எச்சரித்தான்.

"டேய், அவர் கண்ணை விட்டுத் தள்ளி நில்லு. என் உதை பொல்லாதது."

"தள்ளி நின்னா என் வழியா ஒண்ணும் தெரியாது. ஒட்டித்தான் நிப்பேன்."

"அப்ப நான் பொறுப்பில்லை."

ஒரே ஒரு வெடிதான். நெட்டையன் பின்னால் பாய்ந்து வீராசாமியின் புருவத்தைப் பிளந்துவிட்டான். ரத்தம் வழிய நின்றவரிடம் அமிர்தம் ஒரு துணியை நீட்டினாள்.

"சொன்னாக் கேட்டாத்தானே! உதைக்கிற மாட்டுக்குப் பின்னாடி மூஞ்சியை நீட்டினா முத்தமா குடுக்கும்? இந்தச் சின்னவனை எடுங்க. நாலு விரற்கடை தள்ளி வச்சாலும் நல்லாக் காட்டுவான்."

இப்படித்தான் குட்டையன் இடியன் முதுகில் ஏறினான்.

குறி சரிபார்க்க நூறு கஜத்தில் பலகை நட்டு, வளையத்தை ஆறுக்குத் திருப்பி, வீராசாமி மூன்று முறை சுட்டார். மூன்றும் ஓர் எலுமிச்சம்பழ அகலத்துக்குள் போய் விழுந்தன. குட்டையனுக்குத் தலைகால் புரியவில்லை. வளையத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஆறிலேயே நின்றான்.

மறுநாள் காலை காட்டுக்குள் நுழைந்தார்கள். முன்னால் தெம்பா. இருபது வருஷமாக வீராசாமிக்குத் தடம் பார்க்கிறவன். வெறுங்கையோடுதான் போவான். முன்னால் போகிறவன் தரையைப் பார்ப்பான், அவன் உயிரைப் பின்னால் வருகிறவர் பார்த்துக்கொள்ள வேண்டும். அதுதான் அங்கே முறை.

புதர் நெருங்கியதும் வீராசாமி வளையத்தைத் திருப்பிப் பார்த்தார். அசையவில்லை. "புதுசு, இறுக்கமா இருக்கு," என்று முணுமுணுத்துவிட்டு விட்டுவிட்டார். பலகையில் சுட்ட பெருமையோடு புதருக்குள் போவது அவரைப் போன்ற பழுத்த ஆட்களே செய்கிற தப்புதான்.

"இறங்குடா," என்றான் இடியன்.

"மாட்டேன் அண்ணே. ஒண்ணுக்கு வந்தா மறுபடியும் சிரிப்பாங்க."

"எவன்டா இங்க சிரிக்க வந்திருக்கான்? தெம்பா கையில ஒண்ணும் இல்லை, பார்த்தியா?"

குட்டையன் வளையத்தை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

தெம்பா குனிந்து ஓர் இலையைத் தொட்டான். "ரத்தம் ஈரமா இருக்கு, வீரா. பக்கத்துலதான்..."

எருமை பக்கத்தில்தான் இருந்தது. சுற்றி வந்து, தன் தடத்தையே பார்த்தபடி காத்திருந்திருக்கிறது. முள்புதர் படாரென்று பிளந்தது. தெம்பா பக்கவாட்டில் துள்ளினான், வேர் தடுக்கி விழுந்தான். வீராசாமி இடியனைத் தோளுக்கு ஏற்றிக் கண்ணை வைத்தார்.

குட்டையனுக்குள் வெறும் கறுப்பு. முழுக்கக் கறுப்பு. அது எருமையின் தோளா, வயிறா, தெம்பா போட்டிருந்த கறுப்புக் கோட்டா? ஆறு மடங்கு பெரிதாக, ஆறு மடங்கு தெளிவாக, ஒன்றுமே தெரியவில்லை.

"எதைடா சுடறது?" இடியன் கத்தினான்.

"தெரியலையே அண்ணே!"

"ஐயோ, தெம்பா!" என்று அலறியபடி வீராசாமி வளையத்தைப் பிடித்து முறுக்கினார். குட்டையனுக்கு நெட்டையனின் சிரிப்பு ஒரு கணம் காதில் விழுந்தது. சிரித்துவிட்டுப் போகட்டும்! என்ன ஆனாலும் சரி, இந்த ஆளைச் சாக விடமாட்டேன். பல்லைக் கடித்துக்கொண்டு வளையத்தை விட்டான். ஐந்து, மூன்று, ஒன்று. அவனுக்கே உடம்பெல்லாம் கூனிக் குறுகுவது போலிருந்தது. அப்படியே இறங்கினான்.

காடு விரிந்தது. இடப்பக்கம் மரம். மரத்தடியில் மல்லாந்து கிடக்கிறான் தெம்பா, கை இரண்டையும் முகத்துக்கு நேரே தூக்கியபடி. அவனை நோக்கித் தலையைத் தாழ்த்திக்கொண்டு வருகிறது எருமை. வீராசாமி இரண்டு கண்ணையும் திறந்தே வைத்திருந்தார். கழுத்தும் தோளும் சேருகிற இடத்தில் குறி நின்றது.

"இங்க, அண்ணே!"

இடியன் வெடித்தான். எருமை முழங்காலிட்டு, தெம்பாவின் பாதத்துக்கு ஒரு முழம் தள்ளிச் சாய்ந்தது. வீராசாமி எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு வெடியும் போட்டார். பிறகு ஓடிப்போய்த் தெம்பாவைத் தூக்கி நிறுத்திக் கட்டிக்கொண்டார். பெரியவர் அழுதேவிட்டார்.

மரத்தில் சாய்த்து வைத்த இடியனுக்கு இன்னும் சூடு ஆறவில்லை. "ஏன்டா, ஒண்ணுக்கு இறங்கினதும் என்னடா தெரிஞ்சுது உனக்கு?" என்று கேட்டான்.

"ஆறுல நிக்கிற வரைக்கும் வெறும் கறுப்புதான் அண்ணே," என்றான் குட்டையன். "இறங்கினப்புறந்தான் ஒரு மனுஷன் தெரிஞ்சான்."