பாதியில் நின்ற கதவு

கோயம்புத்தூரில் கணினி விளையாட்டு செய்யும் கம்பெனி ஒன்று. அதன் முதலாளி தில்லைநாயகத்துக்குத் தமிழில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்ற நினைப்பு. திரையில் பெட்டிகளைக் கோடு போட்டு இணைத்தால் விளையாட்டு ஓடும். இணைப்பதும் சரிபார்ப்பதும் ஒரு ஏஐ. அதற்கு அவரே தமிழில் கட்டளை எழுதுவார்.

அன்று விளையாட்டை வாங்க வந்தவர்கள் பெரிய திரை முன் உட்கார்ந்திருந்தார்கள். திரையில், விளையாட்டில் வரும் ராஜாவின் அறைக் கதவு பாதி திறந்து நின்றுவிட்டது. ராஜா உள்ளே போக முடியாமல் முட்டிக்கொண்டிருந்தார்.

"எல்லா இணைப்பும் சரின்னு ஏஐ சொல்லுது. அப்ப நீதான் எதையோ கெடுத்திருக்க," என்றார் முதலாளி, புதிதாகச் சேர்ந்த இசக்கியிடம். "ஒரு இணைப்புக் கோட்டையும் தொடாம இப்பவே சரி பண்ணு. இல்லேன்னா நாளைக்கு உனக்கு இந்த ஆபீஸ் கதவு திறக்காது."

இசக்கி அவர் காலையில் எழுதிய கட்டளையைப் பார்த்தாள். காரணம் தெரிந்தது. ஆனால் அதை அவர் முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது?

"சார், அது உங்க பேச்சைத்தான் கேக்கும். ஏன் பாதியில நிக்குதுன்னு நீங்களே கேளுங்க."

கேட்டார். பெரிய திரையில் பதில் வந்தது: "'அரைக் கதவைத் திற' என்று எழுதினீர்கள். அரைக் கதவைத் திறந்திருக்கிறேன். இணைப்புகள் சரி."

வந்தவர்களில் ஒருவர் இருமிச் சிரிப்பை மறைத்தார்.

"கோட்டைத் தொடமாட்டேன் சார்," என்றாள் இசக்கி. "ஒரு எழுத்தை மட்டும் தொட்டுக்கட்டுமா?"

தில்லைநாயகம் தலையசைத்தார். அவள் 'ர'வை 'ற' ஆக்கினாள். ஏஐ தானே கோட்டை மாற்றிக்கொண்டது. கதவு அகலத் திறந்து ராஜா உள்ளே போனார்.

"நாளைக்கு ஆபீஸ் கதவு, சார்?"

"திறக்கும். வேணும்னா எழுதியே தரேன்."

"எழுத வேண்டாம் சார்," என்றாள் இசக்கி அவசரமாக. "வாயால சொன்னாப் போதும்."