பூவராகர் தோப்பும் ஒற்றைப் புழுவும்

முன்பொரு காலத்தில், மலைக்கும் மழைக்கும் குறைவில்லாத செம்பாறை நாட்டை உருத்திரவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் காலையில் சொன்னதை மத்தியானம் மாற்றிவிடுவார். அவரோடு மாரடிப்பதற்கென்றே மாறையன் என்று ஒரு மந்திரி இருந்தார், பாவம்.

ராஜாவுக்குக் கப்பல் கட்டுவதில் ஒரே பைத்தியம். மரத்துக்கோ அண்டை நாட்டிடம் கையேந்த வேண்டியிருந்தது. அந்த அவமானம் தாங்காமல் ஒருநாள், "நம்மிடம் இரண்டு மொட்டை மலைகள் சும்மாதானே கிடக்கின்றன? நாமே மரம் வளர்ப்போம்!" என்றார். கிழக்கு மலையை மாறையனிடம் கொடுத்தார். மேற்கு மலையைக் கஜானா அதிகாரி பூவராகரிடம் கொடுத்தார்.

பூவராகரைப் பற்றிச் சொல்ல வேண்டும். முறுக்கு மீசை, மஞ்சள் தலைப்பாகை. ராஜா தும்மினால்கூட, "ஆஹா, என்ன தும்மல்!" என்பார். மந்திரியைக் கண்டால் அவருக்கு வயிறு எரியும். புழுவைக் கண்டால் உடம்பே நடுங்கும்.

மேற்கு மலை முழுக்க அவர் தேக்கை மட்டுமே நட்டார். கயிறு பிடித்த மாதிரி நேர் வரிசை. ராஜா எப்போது வந்தாலும் பார்க்க லட்சணமாக இருக்க வேண்டுமே! தினமும் ஆள் விட்டுச் சருகையெல்லாம் பெருக்கித் தள்ளி, வரிசைக்கு நடுவே கோலமும் போடச் சொன்னார். காட்டுக்குள் கோலம்! கேட்டீர்களா கூத்தை?

மாறையனுக்குக் கஜானாவிலிருந்து காலணா பெயரவில்லை. மனுஷர் பரம்பரை வயலை விற்று மலையில் போட்டார். தேக்கோடு வேங்கை, குமிழ், பலா, புங்கன், மூங்கில் எல்லாம் கலந்து நட்டார். சருகு விழுந்த இடத்திலேயே கிடந்து மக்கியது.

வருஷங்கள் ஓடின. ஒரு மழைக்காலத் தொடக்கத்தில் ராஜா பார்க்கக் கிளம்பினார். மேற்கு மலையைப் பல்லக்கில் இருந்தபடியே அடிவாரத்திலிருந்து பார்த்து, "பேஷ்! அணிவகுப்பு மாதிரி நிற்கிறதே!" என்று பூரித்தார். கிழக்கு மலையில் அவருடைய பட்டு அங்கவஸ்திரம் மூங்கில் முள்ளில் மாட்டிக் கிழிந்தது. வந்ததே கோபம்!

"மந்திரி, இது காடா, குப்பைமேடா?"

பூவராகர் மெல்ல எடுத்துக்கொடுத்தார். "மந்திரியாரின் தலைக்குள் இருக்கிற குழப்பம்தான் மலைமேலும் முளைத்திருக்கிறது, மகாராஜா."

"நாளை மறுநாளே இந்த மலையை வெட்டிச் சாய்த்துவிடுங்கள்! தேக்கு மட்டும் நடுங்கள்!"

மாறையனுக்குப் பகீரென்றது. விற்ற வயல் போனது போனதுதான். இத்தனை வருஷம் பிள்ளை மாதிரி வளர்த்த மலையும் போகப்போகிறது. ஆனாலும் முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

"உத்தரவு, மகாராஜா. பூவராகர் முறை அவ்வளவு உசத்தி என்றால், நாளைக்கு ஒருநாள் அதை நம் சபையில் நட்டுப் பார்க்க அனுமதி வேண்டும்."

ராஜாவுக்குச் சிரிப்பு வந்தது. "நட்டுத்தான் பாருமே!"

வீடு திரும்பும் வழியில் மாறையன் மேற்கு மலை உச்சிவரை ஏறினார். ஒரு தேக்கிலையைப் பறித்து மேல்துண்டில் பத்திரமாக முடிந்துகொண்டார்.

மறுநாள் ராஜா பல்வலியோடு சபைக்கு வந்தார். பார்த்தால், வாயிற்காவலர் முதல் கவரி வீசுபவர் வரை எல்லாருக்கும் மஞ்சள் தலைப்பாகை, முறுக்கு மீசை!

"வைத்தியர் எங்கே? பல் உயிரை வாங்குகிறது!"

ஒரு மஞ்சள் தலைப்பாகை கும்பிட்டது. "ஆஹா, என்ன வலி!"

"சரி, சமையற்காரனைக் கூப்பிடு. கஞ்சியாவது குடிக்கிறேன்."

"ஆஹா, என்ன பசி!"

"மாறையா! இதென்ன கண்றாவி?"

"இந்தச் சபையிலேயே தங்களுக்கு அதிகம் பிடித்தவர் பூவராகர். அதனால் சபை முழுக்க அவரையே நட்டுவிட்டேன். எல்லாரும் நம் ஊர்க் கூத்தாடிகள். அவர் என்ன செய்கிறாரோ அதையே செய்ய வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்."

பூவராகருக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. மாறையன் மேல்துண்டை அவிழ்த்துத் தேக்கிலையை எடுத்து, "தங்கள் தோட்டத்து இலை" என்று அவர் மடியில் வைத்தார். இலைமேல் ஒரு புழு நெளிந்தது.

"ஐயையோ!"

பூவராகர் வாசலைப் பார்த்துப் பாய்ந்தார். பின்னாலேயே அத்தனை மஞ்சள் தலைப்பாகைகளும் "ஐயையோ, ஐயையோ" என்று ஓட்டமெடுத்தன. வாயிற்காவலரும் ஓடிவிட்டார்கள். சிங்காசனத்தில் ராஜா மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தார்.

"பார்த்தீர்களா, மகாராஜா? எல்லாம் ஒரே சாதி. ஒருவரை விரட்டுவது எல்லாரையும் விரட்டிவிடும். சபை காலியாக ஒரே ஒரு புழு போதும்."

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். திடீரென்று சிரிப்பு நின்றது. "அது சரி, புழு எங்கேயிருந்து வந்தது?"

"மேற்கு மலை உச்சியிலிருந்து. புழுவுக்குப் பயந்து பூவராகர் ஏறாத இடம்."

உடனே கிளம்பினார்கள். பூவராகரையும் கையோடு இழுத்துப்போனார்கள். மேலே ஏற ஏற ராஜாவின் முகம் சுருங்கியது. புழுக்கள் மரத்துக்கு மரம் தாவி, இலையில் நரம்பை மட்டும் மிச்சம் வைத்திருந்தன. சருகில்லாத மண்ணை மழை அடித்துப்போக, வேர் வெளியே தெரிந்து மரங்கள் சாய்ந்து நின்றன. கோலம் போட்ட இடத்தில் பள்ளம்.

பிறகு கிழக்கு மலை. அங்கும் தேக்கில் புழு இருந்தது. ஆனால் பக்கத்து மரம் வேங்கை, அடுத்தது பலா. புழு தாவ வழியில்லை. கிளைக்குக் கிளை குருவிகள் உட்கார்ந்து புழுவைக் கொத்தித் தின்றன. சருகுக்கடியில் மண் ஈரமாக, கறுப்பாகக் கிடந்தது.

"குமிழை இந்த வருஷமே வெட்டலாம்" என்றார் மாறையன். "வேங்கை இளவரசர் காலத்துக்கு. தேக்கு உங்கள் பேரன் கப்பலுக்கு. அதுவரை பலாப்பழம் சாப்பிட்டுக்கொண்டிருக்கலாம்."

ராஜா அவரைக் கட்டிக்கொண்டார். "என் பேரன் கையேந்த மாட்டான்! மாறையா, விற்ற வயலை மீட்டுத் தருகிறேன். மேற்கு மலையும் இனி உம்முடையது!" பிறகு திரும்பினார். "பூவராகரே, துடைப்பத்தோடு மூட்டை கட்டும். இனி என் சபையில் உமக்கு இடமில்லை."

பூவராகர் தலைப்பாகையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். மீசைகூடத் தொங்கிவிட்டது.

"வேண்டாம், மகாராஜா" என்றார் மாறையன். "சபையும் கலப்பாகத்தான் இருக்க வேண்டும். அவரும் ஓர் ஓரமாக இருந்துவிட்டுப் போகட்டும்."

"ஆஹா, என்ன மனசு!" என்று பூவராகர் வாய் தவறிச் சொல்லிவிட்டார்.

ராஜா காதைப் பொத்திக்கொண்டார். "சரி, இருக்கட்டும். ஆனால் மந்திரி, இவரில் ஒன்றே ஒன்று போதும்!"