தொலைந்தால் கண்டுபிடித்துத் தரும் கோட்டு

சுக்காம்பாறைக்காரர்களுக்கு அறிவு குறைவு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். குறைய வேண்டுமென்றால் முதலில் கொஞ்சமாவது இருந்திருக்க வேண்டும். அவர்களிடம் இருந்ததெல்லாம் கீழ்ப்படிதல். சொன்னதைச் சொன்னபடியே செய்வார்கள், கூடவும் செய்ய மாட்டார்கள், குறைத்தும் செய்ய மாட்டார்கள். மழையை ரேடியோவில் கேட்டு மட்டும் பழகிய அந்தக் கரிசல்காட்டு ஊரில், மழைக்கோட்டு வாங்கக் கிளம்பிய மூன்று பேரைப் பற்றித்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

மூவரில் மூத்தவர் தவசிலிங்கம், மாவு மில் வைத்திருப்பவர். அவருடைய ஒரே மகள் நாகஜோதி. அந்தப் பிள்ளை அம்மா பேச்சியம்மாளைக் கொண்டு பிறந்ததால் பிழைத்தது. படித்து, இமாசலப் பிரதேசத்துக்குப் போய், காலில் இரண்டு பலகைகளைக் கட்டிக்கொண்டு பனிச்சரிவில் சறுக்கக் கற்றுக்கொடுக்கும் வேலையில் இருந்தது. நம் ஊரில் வழுக்கி விழுந்தால் மாவுக்கட்டுக்குத்தான் செலவு. அங்கே அதற்குச் சம்பளமே கொடுக்கிறார்கள்.

அங்கேயே ரோஷன் என்ற பையனை அவளுக்குப் பிடித்துப்போயிற்று. மலையில் காணாமல் போகிறவர்களைத் தேடி மீட்கும் குழுவுக்கு அவன்தான் தலைவன். மாசி மாதத்தில் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டுக் குலதெய்வம் பனிமலைச் சரிவில் இருக்கிறது, ஒரு மணி நேரம் பனியில் ஏறிப் போக வேண்டும். ஆனால் சடங்கு நம் முறைப்படிதான், அப்பா தாரை வார்த்துக் கொடுத்தால்தான் தாலி என்று நாகஜோதி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அதைக் கேட்ட நாளிலிருந்து தவசிலிங்கத்துக்குத் தூக்கம் போயிற்று. பெற்ற பிள்ளையின் கையைப் பிடித்துக் கொடுக்க முடியாமல் போய்விடுமோ என்ற பயம் அவரை விடவில்லை. அந்த மனுஷனின் பாசத்தில் மட்டும் நான் குறை சொல்ல மாட்டேன்.

பேச்சியம்மாள் பக்கத்து வீட்டில் ஒரு ஸ்வெட்டரை இரவல் வாங்கிக்கொண்டு முன்கூட்டியே மகளிடம் போய்விட்டாள். ஆகவே கோட்டு வாங்கும் பொறுப்பு ஆண்களின் தலையில் விழுந்தது. அங்கே அதை ஷெல் ஜாக்கெட் என்கிறார்களாம். நம் ஊரில் ஜாக்கெட் என்றால் பெண்கள் சமாசாரம் என்பதால் இவர்கள் கௌரவமாகக் கோட்டு என்றே சொல்லிக்கொண்டார்கள்.

நாகஜோதி போனில் நிதானமாக எடுத்துச் சொன்னாள். உள்ளே போடுகிற உடுப்பையெல்லாம் போட்டுக்கொண்டு, அதற்கு மேல் கோட்டை மாட்டி அளவு பார்க்க வேண்டும். கோட்டோடு சேர்ந்த தலைமூடி ஹெல்மெட்டுக்கு மேலே ஏற வேண்டும். இருபது மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றாலும் துணி கசியக் கூடாது. ஆனால் உள்ளே வேர்த்தால் ஆவி வெளியே போகிற மாதிரி துணி மூச்சு விட வேண்டும். கடைசியாக, கோட்டு பளிச்சென்ற நிறத்தில் இருக்க வேண்டும். மலையில் வழி தவறினாலும் கோட்டை வைத்துக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

மறுநாள் மதுரைக்குப் போகும் பஸ்ஸில் மூன்று பேர் ஏறினார்கள். தவசிலிங்கம், அவர் மனைவியின் தம்பி பால்ச்சாமி, பங்காளி முறையில் தம்பியான வெயிலுமுத்து. ஆளுக்கு இரண்டு பனியன், இரண்டு சட்டை, அதற்கு மேல் ஒரு கம்பளி, தலையில் ஹெல்மெட். வெளியே தார் ரோடு உருகிக்கொண்டிருந்தது. கண்டக்டர் மூவரையும் பார்த்துவிட்டு, டிக்கெட்டைக் கொஞ்சம் தள்ளி நின்றே நீட்டினார்.

கடையில் இருந்த ஷர்மிளா என்ற பெண் பொறுமைசாலி. அன்றோடு அந்தப் பொறுமை தீர்ந்துவிட்டது என்று பிறகு கேள்விப்பட்டேன். அவள் எடுத்துக் கொடுத்த கோட்டின் அக்குளில் நீளமாக ஜிப் இருப்பதைப் பால்ச்சாமி கண்டுபிடித்தார். அவருக்கு எதிலும் ஓட்டை கண்டுபிடிப்பதில் ஆர்வம் உண்டு. இங்கே நிஜமாகவே ஓட்டை இருந்ததால் முகமெல்லாம் மலர்ந்துபோயிற்று.

"தண்ணி நுழையாத கோட்டுக்கு ஜன்னல் எதுக்கும்மா?" என்றார்.

மலை ஏறும்போது வேர்த்தால் திறந்துவிடலாம் என்றாள் ஷர்மிளா. பனியில் எவனுக்காவது வேர்க்குமா என்று மூவரும் பார்வையாலேயே பேசிக்கொண்டார்கள். அப்படிப் பேசும்போது அவர்கள் மூக்கு நுனியிலிருந்து வேர்வை சொட்டிக்கொண்டிருந்தது. ஊருக்குத் திரும்பியதும் முதல் வேலையாக டெய்லரிடம் கொடுத்து அந்த ஜன்னல்களை நிரந்தரமாகத் தைத்துவிட்டார்கள்.

நிறம் தேர்ந்தெடுப்பதில் தவசிலிங்கம் வெள்ளை கேட்டார், வேட்டிக்குப் பொருத்தமாக இருக்குமாம். பனியில் வெள்ளை போட்டால் ஆளே தெரியாது என்று ஷர்மிளா சொன்னதும், மகள் சொன்னது ஞாபகம் வந்து மூவரும் ஆரஞ்சுக்கு மாறினார்கள். கண்ணைப் பறிக்கிற ஆரஞ்சு. மூவரும் கோட்டை மாட்டிக்கொண்டு கடைக் கண்ணாடி முன் நின்றபோது, ரோடு போடுகிற இடத்தில் வைத்திருக்கும் எச்சரிக்கைக் கம்பங்களைப் போல இருந்தார்கள்.

வாங்கியாயிற்று. ஆனால் சுக்காம்பாறையில் ஒரு வழக்கம் உண்டு. குடம் வாங்கினாலும் வாளி வாங்கினாலும் தண்ணீர் ஊற்றிப் பார்க்காமல் புழங்க மாட்டார்கள். கோட்டுக்கு மட்டும் விதிவிலக்குக் கொடுத்தால் குடம் என்ன நினைக்கும்? இருபது மீட்டர் தண்ணீரைத் தேடி ஊர் ஊராக அலைந்தார்கள். கிணறுகளில் இருபது மீட்டர் ஆழம் இருந்தது, தண்ணீர்தான் இல்லை. கடைசியில் கைவிடப்பட்ட ஒரு கல்குவாரிக் குட்டை அகப்பட்டது.

கோட்டில் கல்லைக் கட்டிக் கயிற்றில் இறக்கினார்கள். மேலே இழுத்துப் பார்த்தால் உள்ளும் புறமும் ஒரே ஈரம். தவசிலிங்கத்துக்கு முகம் செத்துப்போயிற்று. அப்போது பால்ச்சாமி தொண்டையைச் செருமிக்கொண்டு, உள்ளே ஆள் இல்லாத கோட்டைச் சோதிப்பது கோட்டுக்குச் செய்கிற அநியாயம் என்று எடுத்துரைத்தார். நீந்தத் தெரிந்தவர் யார் என்று கேட்டார்கள். யாருக்கும் தெரியவில்லை. அப்படியானால் யார் இறங்கினாலும் ஒன்றுதான் என்ற முடிவுக்கு வந்து, இளையவரான வெயிலுமுத்துவை இறக்கினார்கள்.

அவரை மேலே இழுத்துப் போட்டபோது காதிலிருந்தும் மூக்கிலிருந்தும் தண்ணீர் கொட்டியது. மூவரும் உட்கார்ந்து தீர விசாரித்தார்கள்.

"துணி வழியா தண்ணி வந்துச்சா?" என்று கேட்டார் பால்ச்சாமி.

வெயிலுமுத்து இருமிக்கொண்டே, "இல்லண்ணே. கழுத்து வழியா வந்துச்சு. அப்புறம் வாய் வழியா" என்றார்.

"அப்ப கோட்டுல குத்தம் இல்ல. ஆள்தான் ஒழுகுது."

இந்தத் தீர்ப்பில் எல்லோருக்கும் திருப்தி. ஒழுகிய ஆளுக்கும்தான்.

அடுத்து மூச்சு. கோட்டைக் கட்டிலில் மல்லாக்கப் படுக்கவைத்து, தலைமூடியின் வாயருகே ஒரு துண்டுப் பஞ்சை வைத்தார்கள். பஞ்சு அசைந்தது. கோட்டு மூச்சு விடுகிறது என்று மூவரும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். வெயிலுமுத்து, கரண்டு வீணாகிறதே என்று தலைக்கு மேல் சுற்றிய ஃபேனை நிறுத்தினார். மூச்சும் நின்றுபோயிற்று. அந்த வீட்டில் அப்போது எழுந்த பதற்றத்தை எழுதி முடியாது. ஃபேனைப் போட்டதும் கோட்டுக்கு உயிர் வந்தது. அதனால், கல்யாணத்துக்கு ரயிலில் போகும்போதும் மூன்று கோட்டுகளுக்கும் ஜன்னலோர இடம், மூன்று மனிதர்களுக்கு நடைபாதையில் நிற்கும் இடம்.

முகூர்த்தத்தன்று காலையில்தான் மலையடிவாரத்துக்கு வந்து சேர்ந்தார்கள். மேலே கோயிலில் எல்லாம் தயார், மகள் மணக்கோலத்தில் காத்திருக்கிறாள் என்று தகவல் வந்தது. பனியில் வரிசையாகச் சிவப்புக் கம்பு நட்டிருந்தார்கள். கம்பு வரிசையைவிட்டு விலகாமல் நடந்தால் நேராகக் கோயில். வழியைப் பார்த்ததும் தவசிலிங்கத்துக்கு நெஞ்சு நிறைந்து கண்ணில் நீர் கட்டியது. இன்னும் ஒரு மணி நேரம், அப்புறம் மகள் கையைப் பிடித்துவிடலாம்.

பாதி வழி போயிருப்பார்கள். பால்ச்சாமி சட்டென்று நின்றார்.

"மச்சான், ஒண்ணு பாக்கி இருக்கு. தண்ணியைச் சோதிச்சோம். மூச்சைச் சோதிச்சோம். வழி தவறினா இந்தக் கோட்டை வச்சுக் கண்டுபிடிப்பாங்கன்னு நாகு சொன்னாளே, அதைச் சோதிக்கலையே."

"இப்ப எதுக்கு மாப்ளே, நேரமாச்சு" என்றார் தவசிலிங்கம்.

"சோதிக்காத கோட்டைப் போட்டுக்கிட்டுச் சாமி முன்னாடி போய் நிக்கிறதா? நாளைக்குப் பிள்ளை கேட்டா என்ன சொல்லுவீங்க?"

பிள்ளை சொன்னதில் ஒன்றைச் செய்யாமல் விட்டுவிட்டோமோ என்ற எண்ணம் தவசிலிங்கத்தை அரித்தது. சரி, சீக்கிரம் தொலைந்துவிட்டு வந்துவிடலாம் என்று ஒத்துக்கொண்டார்.

தொலைவது லேசான வேலையில்லை. எந்தப் பக்கம் போனாலும் சிவப்புக் கம்பு கண்ணில் பட்டது. கடைசியில் மூவரும் கண்ணை இறுக்க மூடி, கைகோத்துக்கொண்டு, மூச்சு வாங்கும்வரை நடந்தார்கள். கண்ணைத் திறந்தபோது பனி கொட்டிக்கொண்டிருந்தது. கம்பும் இல்லை, வழியும் இல்லை. பால்ச்சாமிக்கு ஒரே பெருமை. தவசிலிங்கத்துக்கு அப்போதுதான் முகூர்த்தம் ஞாபகம் வந்தது. தாரை வார்க்க வேண்டிய கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

கோட்டைத்தானே தேடுவார்கள், ஆகவே கோட்டு நன்றாகத் தெரிய வேண்டும். மூன்றையும் கழற்றி வெட்டவெளியில் பரப்பிவைத்தார்கள். தாங்கள் பக்கத்தில் நின்றால் மறைக்கும் என்று, குரங்குக் குல்லாவும் ஹெல்மெட்டும் கம்பளியுமாக ஒரு பாறைக்குப் பின்னால் போய் ஒடுங்கி உட்கார்ந்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் சரிவில் ஆட்கள் சறுக்கிக்கொண்டு வந்தார்கள். மாமனாரைக் காணோம் என்றதும் மாப்பிள்ளைத் தலைப்பாகையோடே மணவறையை விட்டு எழுந்து வந்திருந்தான் ரோஷன். கோட்டுகளைப் பார்த்ததும் நேராக அங்கே வந்து நின்றான்.

"கண்டுபிடிச்சுட்டான்" என்று கிசுகிசுத்தார் வெயிலுமுத்து. தவசிலிங்கம் கூப்பிட வாயைத் திறந்தார். பால்ச்சாமி அவர் வாயைப் பொத்தினார். இப்போது கூப்பிட்டால், கோட்டை வைத்தா சத்தத்தை வைத்தா கண்டுபிடித்தார்கள் என்று பிற்பாடு தகராறு வருமாம்.

ரோஷனும் ஆட்களும் கோட்டுகளை ஓரமாக எடுத்து வைத்துவிட்டு, அந்த இடத்தில் மண்வெட்டியால் பனியைத் தோண்ட ஆரம்பித்தார்கள். கோட்டுக்கு அடியில் மனிதர்கள் புதைந்திருப்பார்கள் என்று நினைப்பது மீட்புக் குழுவின் அறியாமை. அவர்கள் சுக்காம்பாறைக்கு வந்ததில்லை.

வெறி பிடித்த மாதிரி அவர்கள் தோண்டுவதைப் பார்த்து மூவருக்கும் மனம் கேட்கவில்லை. எழுந்து போய் என்ன சங்கதி என்று கேட்டார்கள். இந்தி புரியவில்லை. ஆனால் ரோஷன் மூன்று விரலைக் காட்டி, பனியைக் காட்டி, கண்ணைத் துடைத்துக்கொண்டது புரிந்தது. மூன்று பேர் உள்ளே மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். போனில் மட்டுமே பார்த்த மாமனாரைக் குல்லாவுக்குள் அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. யாரோ உதவிக்கு வந்த நல்ல மனிதர்கள் என்று ஆளுக்கொரு மண்வெட்டி கொடுத்தான்.

தவசிலிங்கம் மாதிரி அன்று யாரும் தோண்டவில்லை. "எந்தப் பிள்ளையைப் பெத்த தகப்பனோ" என்று சொல்லிச் சொல்லி அழுதுகொண்டே தோண்டினார்.

பட்டுப்புடவைக்கு மேல் நீலக் கோட்டும் காலில் பலகையுமாக நாகஜோதியே சரிவில் இறங்கி வந்தபோது, பள்ளம் இடுப்பளவு ஆகியிருந்தது. மூன்று ஹெல்மெட்டுகளைப் பார்த்தாள். ஒரு கணம் கண்ணை மூடிக்கொண்டாள்.

"அப்பா, என்னப்பா செய்றீங்க?"

"வந்துட்டியா தாயி. யாரோ மூணு பேரு உள்ள புதைஞ்சு கிடக்காங்க. உயிரைக் காப்பாத்தாம நான் எப்படித் தாயி வந்து தாரை வாக்கிறது?"

மற்ற யாராக இருந்தாலும் விளக்கிச் சொல்ல முயன்றிருப்பார்கள். நாகஜோதி அந்த வீட்டில் வளர்ந்தவள். அவர் தோளைப் பிடித்து, "மூணு பேரும் கிடைச்சுட்டாங்கப்பா. நல்லாயிருக்காங்க. ஆரஞ்சுக் கோட்டு போட்டிருந்ததாலதான் இந்த இடத்தையே கண்டுபிடிக்க முடிஞ்சுது. இப்ப வாங்க" என்றாள். ரோஷனிடம் இந்தியில் ஒரே வரி சொன்னாள். அவன் மண்வெட்டியைப் போட்டுவிட்டுப் பனியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

முகூர்த்தம் தவறவில்லை. தவசிலிங்கம் தாரை வார்த்து, மகளின் கையை ரோஷனிடம் கொடுத்தார். அழுதார், சிரித்தார், மறுபடி அழுதார். பார்த்தவர்கள் எல்லோருக்கும் கண் கலங்கியது.

சாப்பாட்டுக்கு உட்காரும் முன் மகளைத் தனியாகக் கூப்பிட்டார். பல் தந்தியடித்தது, உதடெல்லாம் நீலம்.

"ஒரே ஒரு உதவி தாயி. நாங்களும் அதே ஆரஞ்சுக் கலர்தான் வாங்குனோம். கடைக்காரப் புள்ள ஏமாத்திருச்சு, குளிர் கொஞ்சங்கூடத் தாங்கல. பொழச்சு வந்த அந்த மூணு பேரும் எந்தக் கடையில வாங்குனாங்கன்னு கேட்டுச் சொல்லு."