நீல வலைக்குப் பயந்த நாரை

ஏரிக்கு நடுவே கருவேல மரங்கள் நின்றன. அவற்றில் நத்தைகுத்தி நாரைகள் கூடு கட்டியிருந்தன. அவற்றில் ஒருத்தி வெள்ளைச்சி. அவளுக்கு மூன்று குஞ்சுகள். மூன்றும் வாயைத் திறந்தால் மூடுவதே இல்லை!

பறவைகள் சரணாலயம் என்று ஏரியைச் சுற்றிக் கம்பிவேலி போட்டிருந்தார்கள். அந்த வேலிக்கு அடியில் ஒரு நரி சுலபமாக நுழைந்துவிடும். மரத்தடியில் நின்ற தண்ணீரைத்தான் அதனால் தாண்ட முடியவில்லை. கரையில் உட்கார்ந்து, கூடுகளை அண்ணாந்து பார்த்துச் சப்புக்கொட்டிக் கொண்டிருக்கும்.

ஒருநாள் கரைமேல் இரண்டு பேர் பேசிக்கொண்டு போனார்கள். ஒருவர் நீர்க்கட்டி மாசிலாமணி. ஏரி மதகைத் திறந்து வயல்களுக்குத் தண்ணீர் விடுவது அவர் வேலை. பறவைகளுக்காக மதகை முழுதாகத் திறப்பதில்லை.

"தீபாவளிக்கு ஒரு வெடி வெடிக்க முடியல. மீன் பிடிக்கக் கூடாது, வண்டல் எடுக்கக் கூடாது. இந்தப் பறவைங்களால நமக்கு என்னதான் லாபம்?" என்றார் அவர்.

"அப்படிச் சொல்லாதீங்கண்ணா! நட்ட பயிரை நத்தை கத்தரிக்காம இருக்குதுன்னா, இந்த நாரைங்க வந்து பொறுக்கறதாலதானே!" என்றாள் பூங்காவனம். ஏரிக்குக் கீழே அவளுக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது.

நரியின் காது விறைத்தது. நாரைகள் வயலுக்குப் போகாவிட்டால் ஊருக்குக் கோபம் வரும். மதகு முழுதாகத் திறக்கும். தண்ணீர் வற்றும். அப்புறம் தாழ்ந்த கிளைக் கூடுகள் எல்லாம் விருந்துதான்!

"வெள்ளைச்சி! உயிர்மேல ஆசை இருந்தா வயல் பக்கம் போகாதே!" என்று கரையிலிருந்து கூவியது நரி. "உங்களைப் பிடிக்க வலை கட்டியிருக்காங்க! நம்பலைன்னா அதோ பாரு!"

வெள்ளைச்சி எட்டிப் பார்த்தாள். தூரத்து வயலில் நீல நிறத்தில் வலை தெரிந்தது. பதறிப்போய் எல்லா நாரைகளிடமும் சொன்னாள்.

அதன்பிறகு ஒரு நாரைகூட வயலில் இறங்கவில்லை. எல்லாம் ஏரியிலேயே இரை தேடின. ஏரி நத்தை எத்தனை நாளைக்குக் காணும்? கூட்டில் குஞ்சுகள் பசியில் கத்தின. வயலில் நத்தைகள் கொழுத்தன, பயிர் சொட்டை சொட்டையாகப் போனது.

"பாத்தியாம்மா உன் நாரைங்களை!" என்று ஏரிக்கரையில் நின்று கத்தினார் மாசிலாமணி. "வயலை எட்டிக்கூடப் பாக்கல! நாளைக்குக் காலையில மதகை முழுசாத் திறக்கப் போறேன். தண்ணியாவது பயிருக்கு ஆகட்டும்!"

பூங்காவனம் வயலைப் பார்த்து நடந்தாள். அவளுக்கும் பாதிப் பயிர் போயிருந்தது.

மரத்திலிருந்த வெள்ளைச்சிக்கு உயிரே போய்விட்டது. தண்ணீர் போனால் குஞ்சுகளும் போயின! பூங்காவனத்தின் எருமை வாய்க்காலில் ஊறிக்கொண்டிருந்தது. அதனிடம் பறந்து போனாள்.

"எருமையக்கா! எங்களைப் பிடிக்க வலையும் கட்டிட்டு, வயலுக்கு வரலைன்னு எங்களையே திட்டினா என்ன நியாயம்?"

"வலையா? எந்த வலை?"

"நீலமா கட்டியிருக்கே!"

எருமை சிரித்த சிரிப்பில் வாய்க்கால் தண்ணீர் கரையேறியது. "அடி பைத்தியமே! அது பழைய மீன் வலை. நாத்தை ஆடு மேய்ஞ்சிடுதுன்னு நாத்தங்காலைச் சுத்தி எங்க பூங்காவனம்மா கட்டி வச்சது. உனக்கு யார் சொன்னது?"

"நரி."

"நரிக்கு எப்ப இருந்துடி உன் குஞ்சுங்கமேல இவ்ளோ அக்கறை?"

வெள்ளைச்சிக்கு வெட்கமாகப் போயிற்று. ஆனாலும் பயம் விடவில்லை. எருமை சொல்வதும் பொய்யாக இருந்தால்? போய்ப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தாள்.

விடிந்ததும் தனியாகப் பறந்து, அந்த நீல வலைக்குப் பக்கத்து வயலிலேயே இறங்கினாள். வரப்பில் பூங்காவனம் நின்றிருந்தாள்! அவள் கை மேலே எழுந்தது. வெள்ளைச்சி சிறகை விரித்துவிட்டாள்.

எழுந்த கை பூங்காவனத்தின் வாயைத்தான் பொத்தியது. "வந்துட்டியா தாயி!" என்றாள் மெதுவாக. நாரை மிரண்டுவிடக் கூடாதென்று அசையாமல் நின்றாள். அவள் கண் கலங்கியிருந்தது.

வெள்ளைச்சி முதல் நத்தையைக் குத்தினாள். அதைப் பார்த்து ஒவ்வொன்றாக மற்ற நாரைகளும் வந்தன. கொஞ்ச நேரத்தில் வயலே வெள்ளையாகிவிட்டது.

பூங்காவனம் மதகை நோக்கி ஓடினாள். "அண்ணா! திறக்காதீங்க! வயலைப் பாருங்க!"

ஷட்டரைத் திருகப் போன மாசிலாமணி திரும்பிப் பார்த்தார். "எங்க போயிருந்தீங்க இத்தனை நாளா?" என்று நாரைகளைச் செல்லமாக அதட்டினார். பிறகு பூங்காவனத்திடம், "பாதி திறந்தாப் போதும். பயிருக்கும் ஆச்சு, மரத்தடியிலயும் தண்ணி நிக்கும். குஞ்சுங்க பறக்கட்டும். ஆனா வண்டல் எடுக்க விடணும்னு அதிகாரிங்ககிட்ட கேக்கத்தான் போறேன்!" என்றார்.

"கேளுங்கண்ணா, நானும் வரேன்!"

மதகு கிறீச்சிட்ட சத்தம் கேட்டதும் நரி துள்ளிக் குதித்து ஏரிக்குள் ஓடியது. ஓரத்துச் சேற்றிலேயே வயிறு வரை புதைந்தது. மரத்தடியில் தண்ணீர் தளும்பிக் கொண்டிருந்தது. தட்டுத்தடுமாறி வெளியே வந்த நரி, அந்த ஏரிப் பக்கமே அப்புறம் வரவில்லை. வெள்ளைச்சியின் குஞ்சுகள் வயிறு புடைக்கத் தின்றுவிட்டு, பறக்கக் கற்றுக்கொண்டன.

பக்கத்தில் வாழ்பவரைப் பற்றி அடுத்தவர் சொல்வதை நம்பாமல் நேரில் போய்ப் பார்த்தால், ஓர் ஏரித் தண்ணீர் இரண்டு பேருக்கும் போதும்.