அண்ணாச்சியின் வால்பேப்பர்

பாளையங்கோட்டையில் கணினி பழுது பார்க்கும் நூர்ஜஹானிடம் வேதமுத்து தொழில் கற்றுக்கொண்டிருந்தார். குருவுக்கு முப்பத்து நான்கு வயது. சீடருக்கு ஐம்பத்திரண்டு. பஸ் கண்டக்டராக இருந்து விருப்ப ஓய்வு வாங்கியவர். அவளை அவர் டீச்சர் என்பார், அவரை அவள் அண்ணாச்சி என்பாள்.

வேதமுத்து கைராசிக்காரர்தான். ஆனால் எந்தக் கணினியைத் தொட்டாலும், தன் பெயரும் போன் நம்பரும் உள்ள படத்தை அதன் திரையில் வால்பேப்பராக வைக்காமல் விடமாட்டார்.

ஒருநாள் காலை அற்புதம் என்ற ஆசிரியை, இயங்க மறுத்த கணினியோடு வந்தாள். மலைக்கிராமங்களில் பன்னிரண்டு வருடம் அலைந்து வயதானவர்களிடம் கேட்டு எழுதிய சொற்கள் அதற்குள் இருந்தன. வேறு பிரதி இல்லை. சொன்னவர்களில் பாதிப்பேர் உயிரோடும் இல்லை.

நூர்ஜஹான் டிஸ்க்கில் காது வைத்தாள். டிக் டிக் என்றது.

"டிஸ்க் சாகக் கிடக்கு. இதுல இனி ஒரு எழுத்து எழுதக் கூடாது."

தன் கழுத்துக் கயிற்றிலிருந்த பென் டிரைவைக் கழற்றி வேதமுத்துவிடம் நீட்டினாள். அவர் தொழில் கற்க வந்த எட்டு மாதத்தில் இதுதான் முதல் முறை. கணினி இயங்கத் தேவையான எல்லாமே அதற்குள் இருந்தது. வேதமுத்து அதைச் செருகி, டிஸ்க்கை விட்டுவிட்டு அதிலிருந்தே கணினியைத் திறந்தார். கோப்புகள் தெரிந்தன. அற்புதம் அழுதுவிட்டாள்.

புது டிஸ்க்குக்குப் பிரதி ஓடத் தொடங்கியது. எழுபத்தொரு சதவீதத்தில் நின்றது. டிக் டிக் வேகமானது.

சும்மா இருக்க முடியாத வேதமுத்து 'இன்ஸ்டால்' பொத்தானுக்கு அம்பைக் கொண்டுபோனார். "பென் டிரைவுல உள்ளதையே டிஸ்க்ல ஏத்திருவோமா டீச்சர்? கம்ப்யூட்டரும் ஓடும்லா."

ஏற்றினால் பழையது அத்தனையும் அழியும். நூர்ஜஹான் அவர் கையைப் பிடித்தாள்.

"உங்க வால்பேப்பரைப் போடுங்க அண்ணாச்சி."

"எழுதக் கூடாதுன்னீங்களே?"

"அது டிஸ்க்ல எழுதாது, அணைக்கிற வரைக்கும் திரையில மட்டும் நிக்கும். போடுங்க."

போட்டார். திரை முழுக்க அவர் பெயர். அதைப் பார்த்துக்கொண்டே மூவரும் காத்திருந்தார்கள். ஓரத்தில் எண் எழுபத்திரண்டானது. ஒரு மணி நேரத்தில் நூறும் ஆனது.

அற்புதம் புது டிஸ்க்கை வாங்கிப் பக்கத்து மேசைக் கணினியில் மாட்டிக் கோப்பைத் திறந்தாள். நூர்ஜஹான் பழைய கணினியை அணைத்து டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, பென் டிரைவிலிருந்தே மறுபடி திறக்கும்படி வேதமுத்துவிடம் சொன்னாள். திரை வெறுமையாக வந்தது. பெயரையும் காணோம், நம்பரையும் காணோம்.

வேதமுத்துவுக்கு மனசு கேட்கவில்லை. "நாம வந்துட்டுப் போனதுக்கு ஒரு தடம்கூட இல்லையே டீச்சர்?"

"அங்க அவங்க ஒவ்வொரு சொல்லா வாசிக்காங்க. கேளுங்க அண்ணாச்சி."