வலியனும் முழிச்சியும்

கண்மாய்க்குக் கீழ ஒரு ஊரு, அந்த ஊர்ல ஒச்சம்மான்னு ஒருத்தி இருந்தாளாம். நாத்து நட்டு நட்டு அவ இடுப்புல ஒரு வலி வந்து குந்திக்கிச்சு. நடவு முடிஞ்சும் போகல, அறுப்பு முடிஞ்சும் போகல, பொங்கல் வந்தும் போகல. ராக்குன்னு அப்பத்தான் நடை பழகுற பிள்ளை அவளுக்கு. "ஆத்தா, தூக்கு"ன்னு அது ரெண்டு கையையும் நீட்டும், இவளால குனிய முடியாது. பிள்ளை அழும், பெத்தவளும் அழுவா.

ஏன் போகலைன்னு கேக்குறீங்களா? அது சும்மா வலி இல்லடா, வலியன்னு ஒரு பேய். அவன் பொண்டாட்டி பேரு முழிச்சி. அவன் இடுப்புல இருந்தா இவ கண்ணு இமையில இருப்பா. பெறகு தூக்கம் ஏது!

புருசன் சின்னாண்டி, உடுக்கடிச்சுப் பேய் ஓட்டுற கோடாங்கி சடையனைக் கூட்டியாந்தான். சடையன் ஒரு சேவலை வாங்கிக்கிட்டு, "ஓடுடா வலியா"ன்னு விரட்டினான். வலியன் ஓடிட்டான். ஆனா முழிச்சி இருந்தாளே! தூங்க விடாம, தூங்க விடாம, ஒச்சம்மா உடம்பை அடிச்சுப் போட்டாப்புல ஆக்கிட்டு, "வாய்யா, இடம் பக்குவமாயிருச்சு"ன்னு புருசனைக் கூப்பிட்டுக்கிட்டா.

மறுபடி கோடாங்கி, மறுபடி ஒரு சேவல், இந்தவாட்டி "ஓடுடி முழிச்சி". அவ ஓடிட்டா. ஆனா வலியன் இருந்தானே! ஒச்சம்மா புரண்டு படுத்தா சுருக்குன்னு ஒரு குத்து, முழிச்சுக்குவா. "வாடி, கதவு தொறந்திருக்கு"ன்னு பொண்டாட்டியைக் கூப்பிட்டுக்கிட்டான்.

மூணாவது வாட்டியும் அதே கதைதான். கோழிக்கூடு காலியாயிருச்சு. சொல்லச் சொல்ல எனக்கே அலுப்பா வருது போங்க.

ஒரு மத்தியானம் ஒச்சம்மா முனகக்கூடத் தெம்பில்லாம கண்ணை மூடிக் கிடந்தா. தூங்கிட்டான்னு நினைச்சு ரெண்டு பேயும் பேசிக்கிச்சுக.

"கோடாங்கிக்கு நம்ம மேல எம்புட்டுப் பாசம் பாருடி! ஒரு தடவைக்கு ஒருத்தரைத்தான் விரட்டுறான்"னான் வலியன்.

"அவனுக்குச் சேவல் வேணும், நமக்கு இவ வேணும். ரெண்டு பேரையும் சேத்து விரட்டினா எங்கிட்டுய்யா போறது?"

"அவன் வீட்டுக்குத்தான். வேற யாரு இருக்கா நமக்குத் தெரிஞ்சவுக?"

அடப்பாவி மனுசா! ஒச்சம்மா அம்புட்டையும் கேட்டுக்கிட்டுத்தான் கிடந்தா. புருசனைக் கூப்பிட்டா. "இனி கோடாங்கி வேணாம்யா. நொச்சி இலையை வதக்கி இடுப்புக்கு ஒத்தடம் குடு. விளக்கு வச்சதும் நான் படுத்துருவேன், பிள்ளையை நீ பாத்துக்க. விடியுற வரைக்கும் என்னை ஒருத்தரும் கூப்பிடக் கூடாது."

"அம்புட்டுத்தானே புள்ள"ன்னான் அவன்.

ஒரு நாள்ல நடக்கல, ஒரு வாரத்துலயும் நடக்கல. கொஞ்சம் தூங்கினா, கொஞ்சம் வலி கொறஞ்சுச்சு, வலி கொறையவும் இன்னும் கொஞ்சம் தூங்கினா. கடைசியில ரெண்டும் மூட்டையைக் கட்டிக்கிட்டுக் கிளம்பிருச்சுக. அன்னைக்கு ஒச்சம்மா குனிஞ்சா, ராக்கு கழுத்தைக் கட்டிக்கிச்சு, தூக்கிட்டா.

கொஞ்ச நாள்ல சடையன் வந்து நின்னான், இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு, கண்ணு ரெண்டும் செவந்து. "தாயி, என்னால முடியல. நீ எப்படி விரட்டினே?"

"சொல்றேன் சாமி. மொதல்ல எதை விரட்டணும், வலியையா, முழிப்பையா? நீங்களே சொல்லுங்க."

எதைச் சொன்னாலும் மத்தது அதைத் திரும்பக் கூட்டியாந்துரும்னு அவனைவிட யாருக்குத் தெரியும்? வாசல்லயே உக்காந்து அழுதான்.

ஒச்சம்மாவுக்குச் சிரிப்பு வரல. பட்டவ இல்லையா. "ரெண்டையும் சேத்துத்தான் சாமி"ன்னு சொல்லிட்டு, பிள்ளையை இடுப்புல வச்சுக்கிட்டு உள்ள போயிட்டா.

அரைகுறையா விரட்டுனவனுக்கு முழுசா வந்து சேந்துச்சு, கதையும் தீந்துச்சு. போங்க, படுங்க, எனக்கும் இடுப்பு கடுக்குது.