பட்டறைக் கொலு

“குருவே, என் பட்டறை ஒரு ஒழுங்குல நிக்கவே மாட்டேங்குது,” என்றார் கலியபெருமாள்.

குரு மங்கையர்க்கரசி ஒரு மிக்ஸியின் அடிவயிற்றைத் திறந்து வைத்திருந்தார். வீட்டுச் சாமான்களைப் பழுது பார்க்கக் கற்றுக்கொடுப்பவர். சீடரைவிட வயதில் இளையவர். அதனால் பாடம் ஒன்றும் இளைத்துவிடவில்லை.

“யார் கலைக்கிறாங்க?”

“வீட்டுக்காரிதான். எதை எங்க வச்சாலும் தூக்கிட்டுப் போயிடுறா.”

வேலை பார்த்த மில்லை மூடியதிலிருந்து கலியபெருமாள் வீட்டில்தான் இருந்தார். பின்கட்டு அறையைப் பட்டறையாக்கி, வாசலில் ஒரு பெயர்ப்பலகை மாட்டிவிட வேண்டும் என்று துடித்தார். அதற்குக் குரு சரி சொல்ல வேண்டும். பட்டறையைக் கண்ணால் பார்க்காமல் குரு யாருக்கும் சரி சொன்னதில்லை.

“ஞாயித்துக்கிழமை வர்றேன்,” என்றார் குரு.

கலியபெருமாள் தரையைக் கழுவினார். ஸ்பேனர்களின் துருவைத் தேய்த்து எடுத்தார். திருகாணிகளை அளவு பிரித்து ஜாம் பாட்டில்களில் அடைத்தார். சுவரில் ஒரு பலகை அடித்து, ஒவ்வொரு கருவிக்கும் அதன் உருவத்தையே வரைந்து, அதன்மேல் அதை மாட்டினார். மனைவி அஞ்சுகத்தை உள்ளே கால் வைக்கக் கூடாது என்றார். குக்கர் கைப்பிடி ஆடுகிறது என்று அவள் சொன்னதற்கு, எல்லாம் ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு என்றார்.

குரு வந்தார். வாசற்படியில் நின்று சுவரைப் பார்த்தார். உள்ளே போய்ச் சம்மணமிட்டு உட்கார்ந்தார். ஒரு பாட்டை முழுசாகப் பாடினார்.

பாடி முடித்துக் கையை நீட்டினார்.

சீடர் விழித்தார். “என்ன வேணும் குருவே?”

“சுண்டல்.”

கதவுக்குப் பின்னால் அஞ்சுகம் சிரித்துவிட்டாள்.

கலியபெருமாளுக்குச் சுருக்கென்றது. விடாமல் வாதாடினார். ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் வேண்டும் என்று முதல் நாளே சொன்னது யார்? தூசி துரும்பு கிடக்கிறதா? ஒரு ஆணி இடம் மாறியிருக்கிறதா? பிறகு எதில் குறை?

குரு பதில் சொல்வதற்குள் பக்கத்து வீட்டு ரெஜினா டேபிள் ஃபேனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். முன்வலை கழன்று கடகடவென்று சத்தம் போடுகிறதாம். அண்ணன் கொஞ்சம் பார்க்க முடியுமா என்றாள்.

குருவின் கண் முன்னாலேயே ஒரு வேலை. கலியபெருமாள் மலர்ந்துபோனார். பலகையை நோக்கிக் கையை நீட்டினார். கை பாதியில் நின்றது.

விடுவிடுவென்று சமையலறைக்குப் போய்க் கத்தியோடு திரும்பி வந்தார். அதன் நுனியைத் திருகாணியில் வைத்துத் திருப்பினார்.

“ஏங்க, அதுலதான் முருங்கைக்காய் நறுக்கணும்,” என்றாள் அஞ்சுகம். “நுனி போன கத்தி இந்த வீட்ல ஏற்கெனவே மூணு இருக்கு.”

“ஸ்க்ரூடிரைவர் என்னாச்சு?” என்றார் குரு.

“எடுத்தா வரிசை கெட்டுடும்.”

ரெஜினா அவசரமாகக் கூரையைப் பார்த்தாள்.

குரு அஞ்சுகத்திடம் திரும்பி, போன வாரம் அந்த ஸ்க்ரூடிரைவர் எங்கே இருந்தது என்று கேட்டார். குக்கர் பக்கத்தில் என்றாள் அவள். தினமும் கைப்பிடியை முடுக்க வேண்டியிருக்கிறது. பிளையர் எங்கே என்றார் குரு.

“குழாய்கிட்ட. திருகுற பிடி உடைஞ்சு ஆறு மாசமாச்சு. பிளையராலதான் திறந்து மூடுறேன்.”

குரு சீடரைப் பார்த்தார். “உங்களுக்கு வேணும்னா எப்படிக் கண்டுபிடிப்பீங்க?”

“அவளைக் கேப்பேன்.”

சொன்ன பிறகுதான், தான் என்ன சொன்னோம் என்பது கலியபெருமாள் காதில் விழுந்தது.

குரு அவர் கையிலிருந்த கத்தியை வாங்கி அஞ்சுகத்திடம் கொடுத்தார்.

கலியபெருமாள் சுவரிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். ஃபேன் அடங்கியது. ரெஜினா போன பிறகு குக்கரைக் கேட்டு வாங்கிக் கைப்பிடியை முடுக்கினார். பிளையரை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனார். உடைந்த பிடியைக் கழற்றி, பட்டறையில் இருந்த புதுப் பிடி ஒன்றைப் பொருத்தினார். கண் அடுத்த வேலையில் இருக்க, முடிந்த வேலையின் கருவியைக் கை தானாகவே அதன் உருவத்தின்மேல் கொண்டுபோய் மாட்டியது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

குரு கவனித்தார்.

கடைசியில் துடைப்பத்தை எடுத்து, சிந்திய துருவையும் ஃபேன் தூசியையும் கலியபெருமாளே கூட்டி அள்ளினார்.

“பேர்ப்பலகை மாட்டிக்கலாம்,” என்றார் குரு.

கலியபெருமாளுக்குத் தலைகால் புரியவில்லை. தெருமுனைப் பெயிண்டரிடம் இன்றைக்கே எழுதக் கொடுத்துவிட வேண்டும் என்றார்.

“யார் பேரை எழுதச் சொல்றது?” என்று கேட்டாள் அஞ்சுகம்.

கலியபெருமாள் குருவைப் பார்த்தார். குரு மறுபடி சுவரைப் பார்க்க ஆரம்பித்திருந்தார்.

“நீயே போய்ப் பேரைச் சொல்லிட்டு வா,” என்றார் கலியபெருமாள்.

அஞ்சுகம் ஏற்கெனவே செருப்பை மாட்டியிருந்தாள்.